குளிர்ந்த கூரையின் வரலாறு

கட்டடக் கலைஞர் சிலர் இன்று மண்சுவரையும் ஓலைக்கூரையையும் வியந்து போற்றுகின்றனர். அதில் உண்மை உண்டு. தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தை மெல்லவே உள்வாங்கும். அவ்வெப்பம் அறைக்குள் எட்டுமுன் பொழுது சாய்ந்துவிடும். ஓலை அடுக்குகளிடையே தங்கும் காற்று வெயிலைத் தடுக்கும். தாழ்ந்த இறவாரம் சுவருக்கு நிழலாகும். அக்கிரகாரத்து வீட்டிற்கு நடுமுற்றம் இருந்தது. முற்றத்திற்கு மனை வேண்டுமே, சேரிக்கு ஏது?

ஆயினும், நம் முன்னோர் குளிர்ச்சியை நாடியா ஓலை வேய்ந்தனர்? திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியார் ஓட்டு வீடு கட்டலாகாது என்ற தடை 19ஆம் நூற்றாண்டிலும் இருந்தது. தஞ்சைச் சீமையிலோ பண்ணையாளின் குடிசை நின்ற மண்ணே மிராசுதாருடையது. நாளை வெளியேற்றப்படக் கூடியவன் செங்கல் அடுக்குவானா? 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் அத்தகைய குடிசை ஒன்றினுள் தஞ்சம் புகுந்த 44 பேர் தீக்கிரையாயினர். குடியிருந்த மனையை உரிமையாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது.

2010இல் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக்கும் திட்டம் தொடங்கிற்று. நெருப்பச்சம் நீங்கிற்று, வெக்கை புகுந்தது. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவெல்லாம் அதனை உமிழ்கிறது. கோடையில் மக்கள் வாசலில் பாய் விரிக்கின்றனர். இதைக் காட்டி மீண்டும் ஓலைக்குப் போகச் சொல்வோர்க்கு வெண்மணி நினைவில்லை போலும். தளத்தின்மேல் சுருக்கி இட்டுத் தட்டோடு பதித்தால் வெப்பம் தணியும் என்பதைக் கொத்தனார் யாவரும் அறிவர். அச்செலவையும் அரசின் மதிப்பீட்டில் சேர்க்குமாறு நாம் கேட்டல் வேண்டும்.