எம்டன் குண்டும் செண்பகராமன் கதையும்

திருவனந்தபுரத்தில் 1891 செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்த செண்பகராமன் பிள்ளையின் பெயர், 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின்மீது எம்டன் கப்பல் வீசிய குண்டுகளோடு பிணைத்தே பேசப்படுகின்றது. அவர் அக்கப்பலில் இருந்தார் என்று எழுதுவோர் பலர். இக்கூற்று ஏற்புடையதன்று என்பதையும், அன்றைய அழிவை அக்கால வெடிமருந்தின் வரலாற்றோடு வைத்தே அளவிட வேண்டும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

வெடிமருந்து என்னும் தமிழ்ச்சொல் இருவேறு பொருள்களைக் குறித்து நிற்கிறது. குண்டைக் குழலிலிருந்து உந்தித் தள்ளுவது ஒன்று. குண்டினுள் இருந்து அதனைச் சிதறச் செய்வது மற்றொன்று. பழைய கருமருந்தே நெடுங்காலம் இரண்டிற்கும் பயன்பட்டது. குண்டின் உள்ளீடாகக் கருமருந்தை நீக்கியது பிக்ரிக் அமிலம். பட்டுக்கும் கம்பளிக்கும் மஞ்சள் நிறமூட்டிய சாயப்பொருள் அது! பிரான்சு 1887-இல் இதனை மெலினைட் என ஏற்றது. இங்கிலாந்தில் லிட் என்னும் ஊரில் ஆய்ந்து பார்க்கப்பட்டதால் லிடைட் எனப்பட்டது. 1905-இல் சுஷிமா கடற்போரில் ஜப்பானியர் வீசிய ஷிமோசே மருந்தும் இதுவே. ஆயின் இவ்வமிலம் உலோகத்தோடு கூடி, எளிதில் வெடிக்கும் உப்புகளைத் தோற்றுவிக்கும். குண்டின் உட்சுவருக்கு மெருகெண்ணெய் பூசிக் காக்க வேண்டியிருந்தது.

இக்குறையைத் தீர்த்தது டிரைநைட்ரோ டொலுயீன், சுருக்கமாக டி.என்.டி. 1863-இல் ஜெர்மானிய வேதியியலாளர் வில்பிராண்ட் உருவாக்கிய இது, ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் உருகும். ஆகவே நீராவியால் உருக்கிக் குண்டினுள் வார்க்க இயன்றது, உலோகத்தையும் அரிக்காது. ஜெர்மன் படை 1902-இல் இதனை ஏற்றது.

எம்டனின் பீரங்கிகள் 10.5 செ.மீ. வாயுடையன, அக்குண்டுகள் கொள்ளும் மருந்து சிறிதே. ஏறத்தாழ 130 குண்டுகள் வீசப்பட்டன. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன; குறைந்தது ஐவர் மாண்டனர். அழிவின் பெரும்பகுதி தீயினால் நேர்ந்ததேயன்றி, வெடியினால் நேர்ந்ததன்று. அச்சமோ அதனினும் பெரிது. நகரைவிட்டு மக்கள் திரளாக வெளியேறினர். அஞ்சத்தக்க சூழ்ச்சிக்காரனை ‘எம்டன்’ எனச் சுட்டும் வழக்கு அவ்வச்சத்தின் எச்சமாகும். ‘எமன்’ என்பதன் ஒலிச்சாயலும் துணைசெய்திருக்கலாம்.

இனிச் செண்பகராமன் பற்றிய கூற்று. எம்டன் 1910 முதல் கிழக்காசியக் கடலிலேயே நின்றது. 1914 ஜூலை 31-இல் சீனக்கரையின் சிங்தாவிலிருந்து புறப்பட்டபின் ஐரோப்பியத் துறைமுகம் எதனையும் அணுகாமல், நவம்பர் 9-இல் கோக்கோஸ் தீவருகே சிட்னி என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பலால் அழிவுற்றது. செண்பகராமனோ அவ்வாண்டில் சூரிக் நகரில் இந்திய ஆதரவுக் குழுவை நடத்தி, போர் மூண்டபின் பெர்லின் சென்று அங்கிருந்த இந்தியக் குழுவில் இணைந்தவர். இவ்விரு வழிகளும் எங்கும் சந்திக்கவில்லை. பெர்லினில் அவர் ஆற்றிய பணியே வரலாற்றில் இடம்பெறப் போதுமானது; எம்டன் கதையோ அப்பணியை மறைத்துவிட்டது.

1934-இல் பெர்லினில் மறைந்த அவருடைய அஸ்தி 1966-இல் கொச்சிக்கு வந்து சேர்ந்தது. அதனைச் சுமந்து வந்தது ஐ.என்.எஸ். டெல்லி என்னும் இந்தியப் போர்க்கப்பல்.