முவாரா காமான்: கல் போன ஊர்

போர்னியோ தீவின் கிழக்குப் பக்கம், மகாகம் என்ற பெரிய ஆற்றின் கரையில் முவாரா காமான் என்று ஒரு ஊர் இருக்கிறது. இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தான் மாகாணம், பூமத்தியரேகைக்குக் கொஞ்சம் தெற்கே. மலாய் மொழியில் 'முவாரா' என்றால் ஒரு ஆறு இன்னொரு ஆற்றிலோ கடலிலோ போய்ச் சேரும் வாய். பவானிக்காரர்களிடம் 'கூடுதுறை'ன்னு சொன்னால் உடனே புரிந்துவிடும். ஊரை ஊலு, இலிர் என்று இரண்டாகப் பிரித்துச் சொல்கிறார்கள்: மேலாற்றுப் பக்கம், கீழாற்றுப் பக்கம். தெற்கு வடக்கைவிட ஆறு ஓடும் திசைதான் அங்கே கணக்கு. மரக்கால்கள் மேல் வீடுகள், சதுப்பு நிலம், மீன்பிடி, மோட்டார் வைத்த ஒல்லிப் படகுகள். சுற்றுலா விளம்பரத்தில் போட இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஆனால் இந்தோனேசியப் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் எழுத்துள்ள காலம் தொடங்குவது இந்த ஊரில்தான். 1879-ல் இங்கே நான்கு கல்தூண்கள் கண்டெடுக்கப்பட்டன. 1940-ல் இன்னும் மூன்று. ஏழிலும் சமஸ்கிருதச் செய்யுள். எழுத்து பல்லவர் எழுத்து என்று அறிஞர்கள் பெயரிட்ட வகை. ஒன்றிலும் ஆண்டுக் குறிப்பு கிடையாது. எழுத்தின் வடிவத்தை வைத்து கி.பி. 400-ஐ ஒட்டிய காலம் என்கிறார்கள். ஜாவாவின் பூர்ணவர்மன் கல்வெட்டுகளே இதற்குப் பிறகுதான் வருகின்றன.

யூபம் என்பது வேள்விப் பலியைக் கட்டும் தூண். சாதாரணமாக மரத்தில் இருக்கும். வடக்கே மதுரா பக்கம் ஈசாப்பூரில் கல்லில் செதுக்கிய யூபங்கள் கிடைத்திருக்கின்றன. அவை மரத்தூணின் வடிவத்தைக் கல்லில் அப்படியே கொண்டுவந்தவை. முவாரா காமான் கற்கள் அப்படி இல்லை. பெரும்பாலும் இயற்கையாகக் கிடைத்த நீளக்கல்லை ஓரளவு சரிசெய்து நிறுத்தியவை. எழுத்து மட்டும் வெகு நேர்த்தி. கல்தச்சு பழகாத ஊரில், எழுதத் தெரிந்த ஒரு கை வேலை செய்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி, நம்ம ஆட்கள் கவனிக்க வேண்டிய இடம். 'போர்னியோவை ஆண்ட தமிழ் மன்னன் மூலவர்மன்' என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி அடிக்கடி சுற்றும். பல்லவ எழுத்து, வர்மன் என்ற பெயர், ஆக பல்லவன், ஆக தமிழன். மூன்று தாவலில் கடலைத் தாண்டிவிடுகிறார்கள். கி.பி. 400-க்கு முன்பின்னாகப் பல்லவர்களே பிராகிருதத்திலும் சமஸ்கிருதத்திலும்தான் செப்பேடு வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த எழுத்து வகையும் காஞ்சிக்கு மட்டும் சொந்தமானதல்ல, ஆந்திரக் கடற்கரை அரசுகளும் அதற்கு நெருக்கமான எழுத்தைத்தான் எழுதின. நம் கிழக்குக் கடற்கரைக்கும் மகாகம் ஆற்றுக்கும் உறவு இருந்தது என்பதில் சந்தேகம் இல்லை. அது ஆட்சி உறவு என்று சொல்லக் கல்லில் ஒரு வரிகூட ஆதாரம் இல்லை.

கல் சொல்வது வேறு. அதில் ஒரு வம்சாவளி இருக்கிறது: குண்டுங்கன், அவன் மகன் அசுவவர்மன், அவனுடைய மூன்று மகன்களில் சிறந்தவன் மூலவர்மன். மகனுக்கும் பேரனுக்கும் சமஸ்கிருதப் பெயர். தாத்தாவின் பெயர் சமஸ்கிருதமாகத் தெரியவில்லை. கௌண்டின்யன் என்ற பெயரோடு முடிச்சுப்போடப் பார்த்தவர்கள் உண்டு. உள்ளூர்ப் பெயர் என்பதுதான் பலருடைய கருத்து, என்னுடையதும் அதுதான். இதைவிட முக்கியமான ஒன்று: வம்சகர்த்தா என்ற பட்டம் தாத்தாவுக்கு இல்லை, மகன் அசுவவர்மனுக்கு. தாத்தா அரசன்தான், பெயரையும் மறைக்கவில்லை; ஆனாலும் வம்சம் அவனிடமிருந்து தொடங்கவில்லை.

ஆற்றங்கரைத் தலைவர் குடும்பம் ஒன்று, கடல் வழியாக வந்த பிராமணர்களைக் கூப்பிட்டுச் சடங்கு செய்துகொண்டு, புதுப்பெயர் சூட்டிக்கொண்டு, 'இன்று முதல் நாங்கள் ராஜ வம்சம்' என்று அறிவித்ததாகத்தான் இதை நான் படிக்கிறேன். வெளியிலிருந்து ஒருவன் வந்து ஆண்டான் என்ற கதையைவிட இது சுவாரசியமானது. உள்ளூர்க்காரர்களுக்கு நியாயம் செய்வதும் இதுதான்.

ஒரு கல், வப்ரகேசுவரம் என்ற புண்ணிய இடத்தில் அரசன் பிராமணர்களுக்கு இருபதாயிரம் பசுக்களைத் தானம் கொடுத்ததாகச் சொல்கிறது. இருபதாயிரம்! சதுப்புக்காட்டில் அவ்வளவு மாட்டை எங்கே மேய்த்தார்கள்னு கேட்கத்தான் தோணும். இந்த எண்ணிக்கையை அப்படியே நம்பத் தேவையில்லை. ஆயிரக்கணக்கில் பசு கொடுப்பது பிரசஸ்தி எழுதுபவர்களின் வழக்கமான வாய்பாடு. இன்றும் மகாகம் ஏரிப்பகுதியில் தண்ணீருக்கு மேல் பரண் கட்டி நிறுத்தி வளர்ப்பது எருமையைத்தான். ஆனால் இன்னொரு கல் 'பகுசுவர்ணகம்', அதாவது நிறையப் பொன் செலவழித்த வேள்வி, என்கிறது. அதை நம்பலாம். போர்னியோவின் உள்நாட்டு ஆறுகளில் பொன் அரித்தெடுப்பது பழைய தொழில். காட்டிலிருந்து வாசனைப் பொருட்கள், பிசின், எல்லாம் படகில் இறங்கி வரும். அதற்குப் பாதை ஆறு மட்டும்தான். துணையாறு வந்து சேரும் வாயில் உட்கார்ந்திருப்பவன் எல்லாவற்றுக்கும் வரி வாங்கலாம். வேறு அரசர்களைத் தோற்கடித்துக் கப்பம் கட்டவைத்தான், யுதிஷ்டிரனைப் போல, என்று ஒரு கல் மூலவர்மனைப் புகழ்கிறது. அந்த அரசர்கள் வேறு கூடுதுறைகளின் தலைவர்களாக இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கல்லில் நாட்டின் பெயர் இல்லை. குத்தாய் என்பது பின்னால் வந்த பெயர். ஆற்றின் கீழ்ப்பகுதியில், கடலுக்குப் பக்கத்தில், 1300-ஐ ஒட்டி குத்தாய் கர்தநகரா என்ற இன்னொரு அரசு எழுந்தது. பிறகு இஸ்லாத்துக்கு மாறிய அந்த அரசு, 17-ஆம் நூற்றாண்டில் முவாரா காமானை வென்று தன்னோடு சேர்த்துக்கொண்டது. தலைநகரம் 1782-ல் தெங்காரோங்குக்குப் போனது. அதன்பின் முவாரா காமான் வெறும் கிராமம்.

மூலவர்மனின் பெயரை ஊர் ஞாபகம் வைத்திருக்கவில்லை. கல் படிக்கப்பட்ட பிறகுதான் அந்தப் பெயர் திரும்பி வந்தது. ஊர் ஞாபகம் வைத்திருந்த கதை வேறு. அஜி பிதாரா பூத்தே என்ற இளவரசியைச் சீன இளவரசன் ஒருவன் பெண் கேட்டு வருகிறான். அவன் தட்டில் வாய் வைத்து நாய் மாதிரி சாப்பிட்டான் என்று அவள் மறுத்துவிடுகிறாள். அவன் படையோடு வர, இவள் வெற்றிலையை மென்று துப்புகிறாள். துப்பியதெல்லாம் பூரானாக மாறிப் படையை அழிக்கிறது. கப்பல்கள் மூழ்கிய இடம் 'தானாவ் லிப்பான்', பூரான் ஏரி. இப்போது புதரும் புல்லும் மண்டிய நிலம். சீனக் கப்பல் வந்து போனதும், ஆறு தடம் மாறி நீர்நிலை தூர்ந்ததும் இந்தக் கதைக்குள் ஒளிந்திருக்கலாம். சம்பந்தம் பேச வந்தவனைச் சாப்பிடும் முறை பார்த்துக் கழித்துக்கட்டுவது எந்த ஊருக்கும் புதிதல்ல.

இன்று அந்த ஆற்றில் அதிகம் கண்ணில் படுவது நிலக்கரி. மலைபோல் குவித்த தட்டைப் படகுகளை இழுவைப் படகுகள் கீழே இழுத்துப் போகின்றன. அதே தண்ணீரில்தான் 'பெசுத்' என்னும் ஆற்று ஓங்கில் வாழ்கிறது. மகாகமில் அது நூறுகூட மிச்சமில்லை.

மூலவர்மன் பெயரில் சமரிந்தாவில் பல்கலைக்கழகம் இருக்கிறது, ராணுவத்தின் வட்டாரக் கட்டளையகம் இருக்கிறது, தெங்காரோங்கின் பழைய அரண்மனையில் அருங்காட்சியகமும் இருக்கிறது. அங்கே நிற்பவை யூபங்களின் நகல்கள். அசல்கள் ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில். அவை பத்திரமாக இருக்கின்றன என்ற ஆறுதலை ஒப்புக்கொள்கிறேன். இதே ஆற்றில், கோத்தா பாங்குனில் கிடைத்த வெண்கலப் புத்தர் 1931-ல் பாரிஸ் காலனியக் கண்காட்சிக்குப் போய், அங்கே பிடித்த தீயில் அழிந்துபோனார். இருந்தாலும் ஒரு நாட்டின் முதல் எழுத்து பிறந்த ஊர்ப் பிள்ளைகள், அதைப் பார்க்கக் கடல் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

முவாரா காமானில் இன்னும் ஒரு நீளக்கல் கிடக்கிறது. 'லெசோங் பத்து' என்கிறார்கள், கல் உரல் என்று பொருள். எழுத்து வெட்டாமல் விட்ட யூபம் என்பது ஊர் நம்பிக்கை. எழுத்து இருந்திருந்தால் அதுவும் எப்போதோ கப்பல் ஏறியிருக்கும்.