தூண்டில்காரனின் ஒழுக்கம்

தூண்டிலோடு ஆற்றங்கரைக்குச் செல்பவர் பேணவேண்டிய ஒழுக்கம் ஆங்கிலத்தில் அச்சேறிய ஆண்டு 1496. வேட்டை முதலியன பற்றி 1486 இல் வெளிவந்த ‘சென்ற் அல்பன்ஸ் நூலை’ வெஸ்ட்மின்ஸ்டரில் மீளப் பதித்த வின்கின் டி வோர்ட், தூண்டில் பற்றிய பகுதியொன்றைப் புதிதாகச் சேர்த்தார். அதை எழுதியவர் ஜூலியானா பேர்னர்ஸ் என்ற பெண் துறவி என்பது மரபு. ஆய்வாளர் பலர் இதனை ஏற்பதில்லை.

அதன் இறுதியிலுள்ள விதிகள் எளிமையானவை. ஏழைக்கு உரித்தான நீரில் அவன் அனுமதியின்றி மீன் பிடிக்கலாகாது. பிறர் வைத்த பொறியிலுள்ள மீனை எடுக்கலாகாது. வேலியை முறிக்கலாகாது. திறந்த படலையைச் சாத்திவிட்டே போகவேண்டும். ஒரே தடவையில் அளவுக்கு மிஞ்சிப் பிடிக்கலாகாது.

ஏழையின் வேலிக்கு இத்தனை மதிப்பளித்த இந்நூல் எல்லோருக்கும் உரியதாக இருந்ததா? இல்லை. சிறு நூலாக வந்தால் வீணர்கள் அதனைப் பெற்று தூண்டில் விளையாட்டையே அழித்துவிடுவர் என அஞ்சி, கனவான்களுக்கான பெருநூலினுள் இதனைச் சேர்த்ததாக அந்நூலே ஒப்புக்கொள்கிறது.

ஆயினும் 1530களின் முற்பகுதியில் அதே டி வோர்ட் இதனைத் தனிநூலாகவும் வெளியிட்டார். நல்லதே செய்தார். ஒழுக்கத்தைச் சிலருக்கு மட்டும் சொல்லிவைத்துவிட்டு, அதனை மீறினான் என்று மற்றவனைக் குறைகூறுவது எவ்வகையில் நியாயம்?