சிப்பாயின் நெஞ்சு



பயம் வந்தால் நெஞ்சு படபடக்கும் என்பது நாம் அறிந்ததுதான். பெரட்டுக்குப் பிந்திப் போனால்கூட நமக்கு அடிவயிறு கலங்குகிறது. ஆனால் பயத்துக்குக் காரணமானது ஒழிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தால்? இந்தக் கேள்வியை டாக்டர்கள் முன் வைத்தவர்கள் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள்.

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அப்போது பிலடெல்பியா நகரத்து ராணுவ மருத்துவமனை ஒன்றில் பணியாற்றியவர் டாக்டர் டா கோஸ்டா. அவரிடம் வந்த சிப்பாய்கள் பலருக்கும் ஒரே மாதிரித் தொல்லை. நெஞ்சு படபடப்பு, மார்வலி, மூச்சிரைப்பு, சிறிது நடந்தாலே களைப்பு. சோதித்துப் பார்த்தால், பெரும்பாலோருடைய இருதயத்தில் கோளாறு எதுவும் தென்படவில்லை. 300க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 1871-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பின்னாளில் இந்த நோய்க்குச் 'சிப்பாயின் இருதயம்' என்றே பெயர் வந்தது. ஓயாத நடை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இவற்றையே அவர் காரணமாகச் சொன்னார், மனத்தை முன்னிறுத்தவில்லை. போகட்டும். நடிக்கிறான் என்று விரட்டாமல், உட்காரவைத்து விசாரித்து எழுதி வைத்தாரே, அதுவே பெரிது. அதே காலத்தில் பிரிட்டனில் வேறொரு ராணுவ டாக்டர், மார்பை இறுக்கும் உடுப்பும் வார்ப்பட்டையும்தான் காரணம் என்று எழுதினார்!

பிறகு 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. பதுங்கு குழிக்குள் இரவும் பகலும் பீரங்கிச் சத்தம். 1915 பிப்ரவரியில் சார்ல்ஸ் மையர்ஸ் என்பவர் மூன்று சிப்பாய்களைப் பற்றி மருத்துவ ஏட்டில் எழுதினார். அவர்களுக்குப் பார்வை குன்றியது, மணமும் சுவையும் தெரியாமல் போயின, நினைவும் தப்பியது. 'ஷெல் ஷாக்', அதாவது குண்டதிர்ச்சி என்ற பெயர் அந்தக் கட்டுரையால் பரவிற்று. வேறு சிலருக்குக் கால் நடக்கவில்லை, கை நடுக்கம் நிற்கவில்லை, வாய் பேசவில்லை. குண்டு வெடித்து மூளை குலுங்கியதால் வந்த நோய் என்று முதலில் எண்ணினார்கள். ஆனால் குண்டு விழுந்த இடத்துக்கு அருகிலேயே போகாதவர்களுக்கும் அது வந்தது. அந்தப் பெயர் பொருந்தாது என்று மையர்ஸே பின்னர் உணர்ந்தார்.

ஸ்காட்லாந்தில் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் இருந்த டாக்டர் ரிவர்ஸ், நோயாளிகளைப் பேசவிட்டுக் கேட்டார். முன்னொரு காலத்தில் நீலகிரிக்கு வந்து, தோடர் இன மக்களோடு பழகி, 1906-இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர் இவர்தான். அவர் ஒன்றைக் கவனித்தார். வாயடைப்பும் கை கால் முடக்கமும் சாதாரணச் சிப்பாய்களுக்கே அதிகம் வந்தன. அதிகாரிகளுக்கு வந்தவை கெட்ட கனவும் ஓயாத கவலையும். எதிர்த்துப் பேச உரிமை இல்லாதவனுக்கு நாக்கே கட்டிக்கொண்டது போலும் என்று நமக்குத் தோன்றுகிறது.

எல்லாருக்கும் ரிவர்ஸ் வாய்க்கவில்லை. பேச்சிழந்த சிப்பாயின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைக்க முயன்ற டாக்டர்களும் இருந்தார்கள். ஓடிப்போனவன், கோழை என்று குற்றம் சாட்டிப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்றவர்களில் 306 பேருக்கு 2006-இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களில் பலர் நோயாளிகள் என்று குடும்பத்தார் நெடுங்காலம் வாதாடி வந்தார்கள்.

வியட்நாம் போர் 1975-இல் முடிந்தது. அதிலிருந்து திரும்பியவர்களின் நிலையைக் கண்ட பிறகு, 1980-இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சலை ஒரு தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது.

ஆபத்து வந்தால் உடம்பு தானாகவே தயாராகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இருதயம் விரைகிறது, தசை முறுக்கேறுகிறது. ஆபத்து நீங்கினால் தணிய வேண்டும். இந்த நோய் கண்டவருக்கு எளிதில் தணிவதில்லை. கதவு படாரென்று சாத்தினாலும் உடம்பு போர்க்களத்துக்கே போய்விடுகிறது. தூக்கம் கெடுகிறது, தீராத உடல்வலியும் வயிற்றுக்கோளாறும் சேருகின்றன. இருதய நோயும் இவர்களிடையே மிகுதி என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. வலி பொய்யன்று.

நம் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் சிப்பாய்கள் அல்லர், பால்மரம் வெட்டியவர்கள். அந்தப் பாதை 1943-இல் முடிந்தது. உயிரோடு திரும்பியவர்களை வரிசையாக உட்காரவைத்து, நெஞ்சில் காது வைத்துக் கேட்டு எழுத ஒரு டா கோஸ்டா நம் லயங்களுக்கு வரவில்லை. இரவெல்லாம் தூங்காமல் வாசலில் உட்கார்ந்திருந்த தாத்தாவுக்குக் காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றுதான் வீட்டில் சொல்லியிருப்பார்கள்.