தலைதட்டும் கும்பாரமும்

இட்லிக்கு நாலுக்கு ஒண்ணு என்பது அம்மாவின் கணக்கு. நாலு ஆழாக்கு புழுங்கலரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து. அதைக் கிராமில் எழுதி அனுப்பச் சொல்லி வெளியூரிலிருக்கும் தங்கை கேட்டாள். ஆழாக்குக்குப் பதில் 200 மில்லி டம்ளரை வைத்துக்கொண்டு தராசின் முன் உட்கார்ந்தேன். தலைதட்டி அளந்த அரிசி 170 கிராமை ஒட்டி நிற்கிறது. அதே டம்ளர் கோதுமை மாவு 110 கிராமோடு நின்றுவிடுகிறது. டம்ளரைத் தரையில் ரெண்டு தட்டு தட்டினால் மாவு இறங்கி இன்னும் கொஞ்சம் கொள்கிறது. முகத்தலளவையை நிறுத்தலளவையாக்க ஒற்றை வாய்பாடு கிடையாது. பொருளுக்குப் பொருள் மாறும். அளக்கிற கைக்குக் கை மாறும்.

இந்தக் கைதான் எனக்கு முக்கியம். ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் பொன்னை நிறுத்த கல்லுக்கும் ஆடவல்லான் என்று பெயர், நெல்லை அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். கருவியைக் கடவுளாக்கிவிட்டால் அப்புறம் யார் கேள்வி கேட்பது? எட்டு நாழி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று எம்.ஏ. வகுப்பில் ஒப்பித்திருக்கிறேன். மரக்காலின் வாய்க்கு மேலே கூம்பி நிற்கிற நெல் யாருக்குச் சேரும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. களத்துமேட்டில் கேட்டால் சொல்வார்கள்: வாங்கும்போது கும்பாரம், கூலிக்குத் தலைதட்டு. 1952இன் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம்கூட கூலியை மரக்கால் கணக்கில்தான் நிர்ணயித்தது. மரக்காலைப் பிடித்த கை காரியக்காரனுடையது. 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதன் பின்னே கூலி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டமும், அதை நடத்திய சங்கமும் இருந்தன.

மண்ணின் அறிவு என்று படியையும் மரக்காலையும் கொண்டாடும் நண்பர்கள் இதைப் பேசுவதில்லை.

கிலோ வந்தது. 1956இல் சட்டம், 1958 அக்டோபரிலிருந்து நடைமுறை, 1962இல் கட்டாயம். ஆனால் 1967 தேர்தலில் தி.மு.க. ஜனங்களிடம் பேசியது கிலோவில் அல்ல: ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். அடுப்படிக்குத் தெரிந்த மொழி அதுதானே. உலைக்கு எத்தனை படி என்று கேட்கிற வீட்டில் கிராம் என்ன பேசும்? ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் அந்த ஒரு படி தொடங்கப்பட்டது.

கிலோவுக்குக் கும்பாரம் கிடையாது. அந்த வகையில் அது கூலிக்காரனுக்கு லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் சண்டை முடியவில்லை, இடம் மாறிற்று. இன்று அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லை நிறுக்கும் முன் ஈரம் பார்க்கிறார்கள். 17 சதவீதத்தைத் தாண்டினால், விதி தளர்த்தப்படாத பருவங்களில், மூட்டை வெளியே கிடக்கிறது. மழையில் நனைந்து இன்னும் ஈரமாகிறது. கருவி சொல்வதை அவனால் தன் கையால் சரிபார்க்க முடியாது. மரக்காலையாவது கண்ணால் பார்த்தான், சத்தம் போட்டான்.

தங்கைக்குக் கிராம் கணக்கை எழுதி முடித்துவிட்டு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எல்லாம் சரிடா, உளுந்தை மட்டும் கும்பாரமாப் போடச் சொல்லு."