ஊதிவிடும் மூச்சு பிறந்த கதை

மாடிப்படியின் பாதியில் ஒரு பெரியவர் நின்றுவிட்டார். ஒரு கை கைப்பிடியில். தோள் இரண்டும் மேலேறியிருக்கின்றன. பேச்சு வரவில்லை. சூடான காபியை ஆற்றுவதுபோல் அவர் உதடுகள் குவிகின்றன. மெல்ல, நீளமாக ஊதுகிறார். நாலைந்து மூச்சு போனபின் அடுத்த படியில் கால் வைக்கிறார்.

அவருக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் பலர் தாமாகவே கண்டுகொள்ளும் வழி இது. பிசியோதெரபிஸ்டுகள் இன்று முதலில் கற்றுத்தரும் பயிற்சிகளில் ஒன்றும் இதுதான். நோயாளியிடமிருந்து மருத்துவம் படித்துக்கொண்ட பாடம் என்றே இதைச் சொல்வேன்.

இந்த நோயில் மூச்சை இழுப்பதைவிட விடுவதுதான் பெரும்பாடு. நல்ல நுரையீரல் ஊதிய பலூன்போல் தானே சுருங்கிக் காற்றைத் தள்ளிவிடும். பீடி, சிகரெட் புகையோ விறகடுப்புப் புகையோ வருடக்கணக்கில் உள்ளே போனால் அந்தச் சுருங்கும் தன்மை தளர்ந்துவிடுகிறது. மூச்சு விடும்போது சிறு காற்றுக்குழாய்கள் அமுங்கி மூடிக்கொள்கின்றன. பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது. பழையது போகாமல் புதியது எங்கே நுழையும்? உதட்டைக் குவித்து விடும்போது உண்டாகும் சிறு எதிரழுத்தம் அந்தக் குழாய்களை மூடவிடாமல் தாங்குகிறது. மூச்சின் வேகமும் தணிகிறது.

ஆனால் நெடுங்காலம் டாக்டர்கள் இந்த நோயாளிகளுக்குச் சொன்னது, அலட்டிக்கொள்ளாமல் ஓய்வெடுங்கள் என்பதுதான். அக்கறையில் சொன்னதுதான், ஆனால் படுக்கப் படுக்கக் கால் தசை கரைந்தது, அது கரையக் கரைய நாலடி நடந்தாலே இரைத்தது. நியூயார்க்கில் ஆல்வன் பராக் என்ற மருத்துவர் 1952இல் வேறு வழியைச் சொன்னார். ஆக்சிஜன் கொடுத்து நோயாளிகளை நடக்கவிட்டார். இரைப்பில்லாமல் நடக்கும் தூரம் கூடிக்கொண்டே போனது. விளையாட்டு வீரருக்குப் பயிற்சியில் கிடைக்கும் பலன் போன்றது இது என்று எழுதினார்.

அதை ஒரு முழுத் திட்டமாக்கியது டென்வர் நகரம். 1,600 மீட்டர் உயரத்தில், காற்றே மெலிந்த ஊர். கொலராடோ பல்கலைக்கழகத்தில் தாமஸ் பெட்டியும் அவருடன் பணியாற்றிய லூயிஸ் நெட்டும் 1960களில் மூச்சுப் பயிற்சி, சளி வெளியேற்றல், தினசரி நடை, தேவைப்பட்டவருக்குக் கையோடு எடுத்துப்போகும் ஆக்சிஜன், நோயைப் பற்றிய விளக்கம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். 182 நோயாளிகளின் அனுபவம் 1969இல் வெளிவந்தது. மூச்சிரைப்பு குறைந்திருந்தது; நடமாட்டம் கூடியிருந்தது. சிதைந்த நுரையீரல் திரும்ப வளர்ந்துவிடவில்லை. இருக்கும் நுரையீரலைக் கொண்டு வாழ அவர்கள் பழகிக்கொண்டார்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

உதட்டைக் குவித்து மூச்சுவிடும் பயிற்சி எளியது. தோளைத் தளர்த்தி, வாயை மூடி, இரண்டு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். நான்கு எண்ணும்வரை குவித்த உதட்டின் வழியே விட வேண்டும். முக்கி ஊதக் கூடாது. எதிரே விளக்குச் சுடர் இருந்தால் அது சாய வேண்டும், அணையக் கூடாது. மருந்துக்கு இது மாற்று இல்லை, துணை.

உங்கள் வீட்டில் இரைக்கும் பெரியவர் இருந்தால், அடுத்த முறை இன்ஹேலர் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். மூச்சுப் பயிற்சியும் நடைப் பயிற்சியும் எங்கே கற்றுத்தருவார்கள் என்று டாக்டரிடம் கேட்டு வாருங்கள்.