ஆயிரம் சிப்பிக் கணக்கு

மூடிய சிப்பிக்குள் முத்து இருக்கிறதா, இல்லையா? வெளியிலிருந்து பார்த்து எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. ஒரே ஒரு சிப்பி என்றால் உடைத்துப் பார்த்துவிடலாம். எட்டு, ஒன்பது பாகம் ஆழத்தில், கடலடிப் பாறைத் தளத்தில் - தூத்துக்குடிக்காரர்கள் அதைப் 'பார்' என்பார்கள் - கோடிக்கணக்கில் கிடந்தால்? நூற்றுக்கணக்கான படகுகளை வரவழைக்க வேண்டும். கரையில் கொட்டகை, கடை, காவல், ஆஸ்பத்திரி என்று தற்காலிகமாக ஓர் ஊரையே எழுப்ப வேண்டும். எதை நம்பி இறங்குவது?

தூத்துக்குடிக் கடற்கரையில் இதற்கு விடை சுலபம். கொஞ்சம் எடுத்துப் பார்!

1658-ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பறித்த டச்சுக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். முதலில் சில படகுகள் போகும். சில ஆயிரம் சிப்பிகள் கரைக்கு வரும். அவற்றில் கிடைத்த முத்துகளுக்கு விலை மதிப்பார்கள். தேறினால் முத்துக்குளிப்பு, தேறாவிட்டால் இந்த வருஷம் கிடையாது. அவ்வளவுதான்!

பிறகு வந்த ஆங்கிலேயர்களும் இதையே பிடித்துக்கொண்டார்கள். மாதிரிச் சிப்பிகளை அழுகவிட்டு, அலசி, முத்துகளைப் பத்துப் பித்தளைக் கூடைகளில் சலிப்பார்கள். முதல் கூடையின் அடியில் 20 துளைகள். அடுத்ததில் 30. அப்புறம் 50, 80, 100, 200 என்று தாவித் தாவி, கடைசிக் கூடையில் பொடிப்பொடியாக 1000. ஒவ்வொரு முத்தையும் அளந்து மாளுமா? எந்தக் கூடையில் தங்குகிறதோ, அதுதான் அதன் ரகம். கடைசியில் ஒரே ஒரு விடை: 'ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய்.'

இப்போது சென்னை தரமணிக்கு வாருங்கள். கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் ஏழெட்டுப் பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். நிஜமாகவே சீட்டு! ஒவ்வொன்றிலும் ஓர் எண்: 1, 2, 3, 5, 8, 13, 20, 40, 100. செய்யவேண்டிய வேலை ஒன்றைப் படித்ததும், அது எவ்வளவு பெரிசு என்று ஆளுக்கொரு சீட்டை ஒரே நேரத்தில் காட்டுகிறார்கள். சீனியர் முகத்தைப் பார்த்துச் சொல்கிற வேலை இங்கே கிடையாது. மணிக்கணக்கும் கிடையாது, அதைவிட இது பெரிசா, சிறிசா என்பதுதான் பேச்சு. பெரிய எண்களுக்கு இடையே இடைவெளியும் பெரிசு, ஏனென்றால் பெரிய வேலையைத் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது. 2002-ல் ஜேம்ஸ் கிரென்னிங் எழுதிவைத்த முறை இது. 'பிளானிங் போக்கர்' என்று பெயர். பித்தளைக் கூடைகள் ஞாபகத்துக்கு வருகின்றனவா?

அடுத்த ஒற்றுமை இன்னும் முக்கியம். இந்த 'அஜைல்' கோஷ்டி வருஷம் முழுக்கத் திட்டம் போட்டு வைப்பதில்லை. இரண்டு வாரம் வேலை செய்வார்கள். எவ்வளவு முடிந்தது என்று பார்ப்பார்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குக் கணக்கு போடுவார்கள். முத்துக்குளிப்பு நடந்த இடத்திலோ தினமும் பரீட்சை! மாலையில் சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். முந்தின நாள் வாங்கிய சிப்பியைத் திறந்து பார்த்துவிட்டு வியாபாரிகள் வந்து நிற்பார்கள். நல்ல முத்தென்றால் விலை ஏறும், இல்லையென்றால் இறங்கும்.

சரி, இந்த மாதிரிச் சோதனையின் பெரிய பலன் என்ன? 'வேண்டாம்' என்று சொன்னதுதான்! 1830-லிருந்து 1856 வரை தூத்துக்குடிப் பார்களைப் பதிமூன்று முறை சோதித்தார்கள். பதிமூன்று முறையும் சிப்பி போதவில்லை. ஒருமுறைகூட முத்துக்குளிப்பு நடக்கவில்லை. வருமானம் போயிற்றே என்று சர்க்காருக்கு வயிறு எரிந்திருக்கும். ஆனாலும் சோதனை சொன்னதைக் கேட்டார்கள்.

கேட்காதவர்கள் கதையும் உண்டு. எதிர்க்கரை இலங்கையில், மரிச்சுக்கட்டியில் 1905-ல் நடந்த முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி கிடைத்தது. சர்க்காருக்கு வருமானம் சுமார் 25 லட்சம் ரூபாய். பார்த்தார்கள் லண்டன்காரர்கள். 1906-ல் ஒரு கம்பெனி தொடங்கி, அந்தப் பார்களை இருபது வருஷத்துக்குக் குத்தகை எடுத்தார்கள். வாடகை வருஷத்துக்கு 3,10,000 ரூபாய். 1906-ல் சிப்பி வந்தது. 1907-லும் வந்தது. அப்புறம்... ஒன்றுமே இல்லை! 1912-ல் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். மறுபடி அங்கே முத்துக்குளிப்பு நடந்தது 1925-ல்தான்.

கம்பெனிக்காரர்கள் போட்ட பணத்தை இழந்தார்கள். மூச்சடக்கி மூழ்கினவர்கள்? அவர்களுக்குக் கூலி கிடையாது, எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான். சிப்பி இல்லையென்றால் அதுவும் இல்லை.

கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இந்தத் தப்பு இன்றைக்கும் நடக்கிறது. அமோகமாக ஓடிய ஓர் இரண்டு வாரத்தை எடுத்து, இருபத்தாறால் பெருக்கி, 'வருஷத்துக்கு இவ்வளவு' என்று வாடிக்கையாளரிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற மேனேஜர்கள் உண்டு. சீட்டைக் காட்டிய பிள்ளைகள் சொன்னது ஒரு மதிப்பு. அது மேலே போய்ச் சேரும்போது வாக்குறுதி ஆகிவிடுகிறது! அப்புறம் ராத்திரி கண்விழிப்பது யார் என்று உங்களுக்கே தெரியும்.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசி முத்துக்குளிப்பு. 1973-ல் அதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் கருவை வைத்து முத்தை வளர்த்துக் காட்டினார்கள். ஆனால், கடலடிப் பார் மட்டும் இன்னும் யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை.